மோதிரக் கையும் ஸ்டெப்னி வீலும்

டங். டங். சத்தம்தான் முதலில் கேட்டது. மாசிலாமணி வெல்டிங் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தான். மில்லுக்காரர் வரதராஜுலு தன் மோதிரக் கையால் புது வீல்களைத் தட்டிக்கொண்டிருந்தார். தன் பழைய ஃபியட்டுக்காக நாலு இரும்பு வீல்களை அறுத்து, நடுவில் பட்டை சேர்த்து அகலமாக்கச் சொன்னவர் அவர்தான். அதில் மாசிலாமணிக்கு ஒன்பது நாளாய் முதுகு ஒடிந்திருந்தது.

"எல்லாம் ஓட்டை வெல்டிங். சத்தத்துலயே தெரியுது. நாலையும் அறுத்து மறுபடி பத்தவைடா," என்றார் வரதராஜுலு.

"அவர் காது தப்பாதுடா. முடியாதுன்னா நாளையிலிருந்து வராதே," என்றார் பட்டறை முதலாளி.

மாசிலாமணி பெருமூச்சு விட்டான். "செஞ்சிடறேனுங்க. எது ரொம்ப மோசம்னு சொல்லுங்க, அதுல ஆரம்பிக்கிறேன். கண்ணு பார்த்தா காது ஏமாந்துருமுங்க, கொஞ்சம் திரும்பி நில்லுங்க."

அவர் பெருமையாகத் திரும்பி நின்றார். அவன் சுத்தியலால் நாலு தட்டு தட்டினான்.

"மூணாவது! உள்ளே விரிசலே இருக்கு."

"இப்பத் திரும்பிப் பாருங்க. நாலு தட்டும் இதுலதானுங்க."

அவன் காலடியில் கிடந்தது வண்டியோடு வந்த ஸ்டெப்னி வீல். யாரும் அறுக்காதது, பத்தவைக்காதது.

முதலாளி இருமுவதுபோல் சிரிப்பை மறைத்தார். வரதராஜுலுவின் மோதிரக் கை சட்டைப் பைக்குள் போனது. "டயரை மாட்டிடுங்க," என்றார்.

மாசிலாமணி விளக்குமாற்றை எடுத்து, தரையில் கிடந்த இரும்புத்தூளைக் கூட்ட ஆரம்பித்தான்.