மூட்டம் பார்க்க ஓர் ஆள்

இருளாயி டீச்சரிடம் அந்த வருஷம் ஏழு இளம்பெண்கள் பயின்றார்கள். ஏழு பேருமே ராமநாதபுரத்துக் கருவேலங்காட்டு ஊர்களிலிருந்து வந்தவர்கள். படிப்பை நிறுத்திய சிறுமிகளின் வீடு தேடிப் போய் அவர்களை மறுபடி பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதும், ஊர்க் கூட்டங்களில் அவர்களுக்காகப் பேசுவதும் இவர்களுடைய வேலை. டீச்சர் பெரிதாகப் பாடம் எதுவும் நடத்துவதில்லை. கேட்டால் பதில் சொல்வார், பல சமயம் அதுவும் சொல்லமாட்டார்.

ஏழு பேரில் மங்களேஸ்வரிதான் பேச்சில் கெட்டிக்காரி. அவள் மைக்கைப் பிடித்தால் பின் வரிசையில் கொட்டாவி விடுகிறவர்கூட நிமிர்ந்து உட்காருவார். கரி போடும் குடும்பத்தில் பிறந்து கல்லூரி முடித்தவள். அதைச் சொல்லாமல் ஒரு மேடையிலிருந்தும் இறங்கமாட்டாள்.

"நான் யாரையும் நம்பிப் படிக்கலை. என் உழைப்புல படிச்சேன். உங்க பிள்ளைகளாலயும் முடியும்."

கைதட்டல் காதைப் பிளக்கும். டீச்சர் மட்டும் தட்டமாட்டார். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பார். மங்களேஸ்வரிக்கு அது உள்ளூர ஒரு குறைதான்.

ஒரு திங்கட்கிழமை காலையில் அவள் டீச்சர் வீட்டு வாசலில் வந்து நின்றாள். முகம் செத்துக் கிடந்தது.

"முத்துராக்குவ நிப்பாட்டிட்டாங்க டீச்சர். பத்து நாளா பள்ளிக்கூடம் வரலை."

டீச்சர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "ஏன்?"

"அவங்க மூட்டம் எரிஞ்சு சாம்பலாயிருச்சு."

கீரைக்கட்டைக் கீழே வைத்தார். "நடந்ததைச் சொல்லு."

சொன்னாள். கேட்க இதமான கதை இல்லை அது.

முத்துராக்கு ஒன்பதாம் வகுப்பு. அவள் அப்பா பூமிநாதன் கருவேல மரத்தை வெட்டிக் கரி போடுகிறவர். வெட்டிய கட்டையைக் குவித்து, தழை போட்டு மூடி, மேலே ஈரமண்ணைப் பூசி, அடியில் தீ வைப்பார்கள். இதைத்தான் மூட்டம் என்பது. உள்ளே கட்டை எரியக் கூடாது, புழுங்கிப் புழுங்கிக் கரியாக வேண்டும். மண் எங்காவது வெடித்துக் காற்று புகுந்தால் போதும், ஒரு மாதம் வெட்டிய கட்டை ஒரு பகலில் சாம்பலாகிவிடும். அதனால் மூட்டம் போட்ட நாளிலிருந்து அது ஆறும் வரை, ஏழு நாளும், பக்கத்திலேயே ஓர் ஆள் இருந்தாக வேண்டும். பள்ளிக்கூட நாளில் அம்மா பார்ப்பாள். ஞாயிற்றுக்கிழமை ராக்குவின் முறை.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் நகரத்தில் பெண் கல்விக் கூட்டம். ஒரு சிறுமியே மேடையேறிப் பேசினால் எப்படி இருக்கும் என்று மங்களேஸ்வரிக்குத் தோன்றியது. ஆட்டோவை எடுத்துக்கொண்டு ராக்கு வீட்டுக்குப் போனாள். பெற்றவர்கள் கண்மாய்ப் பக்கம் கட்டை வெட்டப் போயிருந்தார்கள். அவர்களிடம் கேட்க அவளுக்குப் பொறுமை இல்லை.

"ராக்கு வரமாட்டேன்னு சொல்லலையா?" என்று கேட்டார் டீச்சர்.

"'மூட்டம் கெடக்குக்கா'ன்னு சொன்னா. ரெண்டு மணி நேரத்துல வந்துரலாம்னு நான்தான்... புகை நல்லாத்தான் வந்துகிட்டு இருந்துச்சு டீச்சர்."

"எப்படி வந்துச்சு?"

"வெள்ளையா, குபுகுபுன்னு."

டீச்சர் அவளைச் சற்று நேரம் பார்த்தார். "அப்புறம்?" என்றார்.

ராக்கு ஐந்து நிமிஷம் பேசினாளாம். சபையே எழுந்து நின்று தட்டியதாம். திரும்பி வரும்போது மணி நாலு. தெருமுனையிலேயே வாடை அடித்தது. ஆட்டோ நிற்பதற்கு முன்னால் அந்தப் பிள்ளை குதித்து ஓடினாள். ஓடி என்ன செய்ய.

"மூணு தடவை போய்ப் பேசிட்டேன். அவங்க அப்பா மசியலை. சட்டம் இருக்கு டீச்சர். மேல எழுதிக் குடுத்தா வழிக்கு வந்துருவார். குடுக்கட்டுமா?"

டீச்சர் எழுந்து கையைக் கழுவினார்.

"பூமயில் எப்படி இருக்கா?"

பூமயில் மங்களேஸ்வரியின் அக்கா. இந்தப் பேச்சுக்கு நடுவில் அக்கா எதற்கு வருகிறாள் என்று அவளுக்குப் புரியவில்லை.

"இருக்கா டீச்சர். கண்ணுதான் சரியில்லைன்னாங்க. நான் பாத்து நாளாச்சு."

"சரி, வா. ராக்கு வீட்டுக்குப் போவோம்."

பூமிநாதனின் கொல்லையில் பழைய மூட்டம் சாம்பல் மேடாகக் கிடந்தது. பக்கத்தில் அன்று காலையில்தான் தீ வைத்த புது மூட்டம், கொஞ்சம் சின்னது. அதன் பக்கத்தில் குடத்தோடு ராக்கு உட்கார்ந்திருந்தாள். பள்ளிச் சீருடையைத்தான் போட்டிருந்தாள். முழங்கை வரை சேறு. இனி அது வேலைக்கு உடுத்துகிற துணி என்று யாரும் வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லை. மங்களேஸ்வரியைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள்.

அரிவாளும் கையுமாகக் கிளம்பிய பூமிநாதன் நின்றார். பொல்லாத மனிதர் இல்லை அவர். களைத்த மனிதர்.

"படிக்க வேணாம்னு நான் சொல்லலை டீச்சர். போன மூட்டம் போச்சு. இப்ப நாங்க ரெண்டு பேரும் வெட்டினாத்தான் கட்டை சேரும். அப்ப மூட்டம் பாக்க ஆளு வேணும்ல?"

"ஆள் குடுத்தா?"

"யாரைக் குடுப்பீக?"

டீச்சர் மங்களேஸ்வரியைக் காட்டினார். பூமிநாதன் வெறுஞ்சிரிப்புச் சிரித்தார்.

"மைக்குல பேசுற புள்ளைய இந்தப் புகையிலயா உக்கார வைப்பீக?"

"இந்த மூட்டம் ஆறுற வரைக்கும் பகல்ல இவ பாப்பா. ராக்கு பள்ளிக்கூடம் போகட்டும்."

மங்களேஸ்வரி டீச்சரைத் தனியே இழுத்தாள்.

"வெள்ளிக்கிழமை மதுரையில பெரிய கூட்டம் டீச்சர். நான்தான் பேசணும். பேர் போட்டு அச்சடிச்சிட்டாங்க."

"மேடைக்கு ஆள் கிடைக்கும்."

ராக்கு அரைமனதாகக் குடத்தைக் கொடுத்துவிட்டுக் கை கழுவப் போனாள். இவ்வளவுதானா, ஏழு நாள்தானே என்று மங்களேஸ்வரி உட்கார்ந்தாள்.

மத்தியானத்துக்குள்ளேயே மூட்டம் ஓர் இடத்தில் விரிசல் விட்டது. விரிசலுக்குள் செக்கச்செவேலென்று தெரிந்தது. அவள் பதறிப்போய்க் குடத்துத் தண்ணீரை அப்படியே கவிழ்த்தாள். ஆவி குப்பென்று முகத்தில் அடித்தது. மண் கரைந்து விரிசல் இன்னும் அகன்றது. அவள் போட்ட கூச்சலில் பக்கத்துக் காட்டிலிருந்து பூமிநாதன் ஓடி வந்து, குழைத்த மண்ணை வாரி வாரி அப்பி, தட்டி அடைத்தார். அடைத்து முடித்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏத்தா, முதல்ல மண்ணத்தான அப்பணும். வெள்ளப் புகை வாரப்பத்தான் மூட்டம் அமுங்கும், வெடிக்கும். அப்ப ஆளு கண்ணை எடுக்கப்படாது. நீல நிறத்துல மெலிஞ்சு வந்தா இன்னும் கொஞ்சத்துல ஆறீரும்னு அர்த்தம்."

மங்களேஸ்வரியின் காது சுட்டது. அன்றைக்கு ராக்குவை ஆட்டோவில் ஏற்றும்போது இதே வெள்ளைப் புகையைத்தான் பார்த்துவிட்டுப் போனாள்.

"தெரியாதுண்ணே."

"நீ கரி போடுற வீட்டுப் புள்ளைதான?"

"ஆமா."

"அப்புறம் எப்படித் தெரியாமப் போகும்?"

அவர் குத்திக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

இரண்டாம் நாள், மூன்றாம் நாள் எல்லாம் ஒன்றுபோலக் கழிந்தன. கண் எரிந்தது. சோற்றில் புகை மணந்தது. எழுந்து நாலு எட்டு வைத்தால் மூட்டம் எங்கோ ஓர் இடத்தில் வாயைத் திறந்தது. அதற்கு மேடை, கூட்டம், நியாயம் எதுவும் தெரியாது. காலையில் ராக்கு பையோடு கிளம்பும்போது ஒருமுறை திரும்பிப் பார்ப்பாள். அந்தப் பிள்ளை தன்னைப் பார்க்கிறாளா மூட்டத்தைப் பார்க்கிறாளா என்று மங்களேஸ்வரிக்குத் தெரியாது. காலாண்டுத் தேர்வு நடந்துகொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை உச்சியில் ஒரு வெடிப்பு. மேலே ஏறி அடைக்க வேண்டியிருந்தது. அடைத்துவிட்டு இறங்கும்போது வலது கால் கணுக்கால் வரை உள்ளே போய்விட்டது. பிடுங்கி எடுத்துவிட்டாள். ஆனாலும் உள்ளங்கால் வெந்துவிட்டது.

கீழே உட்கார்ந்து காலைத் திருப்பிப் பார்த்தாள். பார்த்தவள் பார்த்தபடியே இருந்தாள்.

இந்தக் கால் அவளுக்குத் தெரிந்த கால்.

சின்ன வயதில் சாயங்காலம் ஆனால் அவள் விளக்குப் பக்கம் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். பூமயில் சுவரோரம் சாய்ந்து, காலை நீட்டி, வெந்து சிவந்த உள்ளங்காலில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டிருப்பாள். தினமும் தடவுவாள். அக்காவுக்கு அது ஒரு பழக்கம் என்றே மங்களேஸ்வரி நினைத்திருந்தாள். இவள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருஷம் அக்கா நாலாம் வகுப்போடு நின்று மூட்டத்துக்குப் போனாள். பூமயிலுக்குப் படிப்பு ஏறவில்லை என்று வீட்டில் சொல்வார்கள். மங்களேஸ்வரியும் அதை நம்பினாள். நாலாம் வகுப்புப் பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை என்று எந்த வாத்தியார் வந்து சொன்னார் என அவள் ஒருநாளும் கேட்டதில்லை. அக்கா சில நேரம் எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டு, "எங்க, அந்தப் பாட்டை எனக்கு ஒருவாட்டி வாசி" என்பாள். எழுதுகிற வேளையில் இவள் எரிந்து விழுவாள்.

மதுரையில் அந்நேரம் கூட்டம் தொடங்கியிருக்கும். அது அவள் நினைவுக்கு வரவேயில்லை.

ஞாயிற்றுக்கிழமை புகை நீலமாக மெலிந்து, பிறகு நின்றது. ஒருநாள் ஆறவிட்டு மூட்டத்தைப் பிரித்தார்கள். கரி நன்றாக விழுந்திருந்தது. ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்றது. பூமிநாதன் ஒரு துண்டை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"பரவாயில்ல தாயி. தேறிட்ட."

ராக்கு பள்ளிக்கூடம் விட்டு வந்து நின்றாள். தேர்வு எழுதிவிட்டாளாம். கணக்கில் ஒரு கேள்வி மட்டும் விட்டுப்போயிற்றாம். அவள் வராத அந்தப் பத்து நாளில் நடத்திய பாடத்திலிருந்து வந்த கேள்வி அது. அதை அவள் குற்றமாகச் சொல்லவில்லை. அதுதான் மங்களேஸ்வரியை இன்னும் வதைத்தது.

"வியாழக்கிழமை அடுத்த மூட்டம் போடுறோம்" என்றார் பூமிநாதன். சொல்லிவிட்டு மூட்டை கட்டப் போய்விட்டார். அவர் எதையும் கேட்கவில்லை. ராக்குவும் கேட்கவில்லை. பையைத் தோளிலிருந்து இறக்காமல் நின்றுகொண்டிருந்தாள்.

அழைத்துப்போக வந்திருந்த டீச்சரும் மங்களேஸ்வரியும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். அவள் நொண்டி நொண்டி நடந்தாள். டீச்சர் அவள் வேகத்துக்கு நடந்தார். சாலையின் இரண்டு பக்கமும் கருவேலங்காடு. தூரத்தில் ஒரு புகை. அதற்கும் அப்பால் இன்னொன்று. முன்பெல்லாம் இந்த வழியாகப் போனால் அவள் கண்ணுக்குப் புகை தெரிந்ததில்லை. இன்று ஒவ்வொன்றாகத் தெரிந்தது.

"டீச்சர்."

"ம்."

"ஒவ்வொரு புகைக்கும் கீழ ஒரு பிள்ளை இருக்கும்ல?"

"இருக்கும்."

"மேடையில பேசுனா ஆயிரம் பேர் கேக்குறாங்க. மூட்டத்துல உட்கார்ந்தா ஒரு பிள்ளைதான் பள்ளிக்கூடம் போகுது. நான் ஒருத்தி எத்தனை பிள்ளைக்குத்தான் உட்கார முடியும்?"

டீச்சர் நின்றார். தோள் பையிலிருந்து ஒரு சின்னப் புட்டியை எடுத்து அவள் கையில் வைத்தார். விளக்கெண்ணெய்.

"பூமயில் ஒரு பிள்ளைக்குத்தான் உட்கார்ந்தா."