இல்லாத காளான்

கொடைக்கானலில் ஜெசிந்தா என்றொரு தாவரவியல் ஆசிரியை இருந்தாள். மழைக்காலமெல்லாம் சோலைக்காடுகளில் அலைந்து, எந்தக் காளான் உணவு, எது நஞ்சு என்று தன் இணையதளத்தில் எழுதிவந்தாள். தோழி சபூரா ஒவ்வொரு வரியையும் நூல்களோடு ஒப்பிட்டுத் திருத்துவாள்.

கோவையிலிருந்த வில்வநாதன் என்பவன் அத்தனையையும் படங்களோடு அள்ளித் தன் தளத்தில் போட்டுக்கொண்டான். பெயருக்கு முன்னால் 'டாக்டர்' ஒட்டினான். பல பெயர்களில் தனக்கே பாராட்டும் எழுதிக்கொண்டான். தேடுபொறி அவனை முதலில் காட்டியது. ஜெசிந்தா எங்கோ அடியில் கிடந்தாள்.

தொலைபேசியில் அவனைக் கேட்டாள். அவன் சிரித்தான். "மேல யாரு வர்றாங்களோ அவங்க எழுதினதுதான், டீச்சர். போய் வேற வேலையைப் பாருங்க."

அந்தச் சிரிப்பை அவளால் செரிக்க முடியவில்லை. அவன் திருடினால் கையும் களவுமாகப் பிடிக்க, உலகில் இல்லாத ஒரு காளானைக் கற்பனையில் உருவாக்கினாள். நீலத்தண்டுக் காளான் என்று பெயர் வைத்து, வேறொரு காளானின் படத்துக்குத் தானே நீல வண்ணம் ஏற்றித் தளத்தில் போட்டாள். தின்னலாம் என்று மட்டும் எழுதவில்லை.

"பொறி வச்சா எலி மட்டுமாடி வந்து விழும்?" என்றாள் சபூரா.

"அவன் நாசமாப் போகணும். எனக்கு அது போதும்."

சபூரா விலகிப்போய்த் தனியாக ஒரு தளம் தொடங்கி, ஆதாரம் உள்ளதை மட்டுமே எழுதினாள். ஆனால் நீலத்தண்டு பொய் என்று எவரிடமும் சொல்லவில்லை. தோழியைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை.

வில்வநாதன் நீலத்தண்டுக் காளானையும் திருடினான். 'நானே சமைத்து உண்டேன், அருமை' என்று ஒரு வரி சேர்த்தான். அதை நம்பி, திண்டுக்கல்லிலிருந்து சுற்றுலா வந்த ஒருவர் நீலம் பாரித்த ஏதோ ஒரு காளானை வறுத்துத் தின்றார். கல்லீரல் கெட்டு, உயிர் பிழைத்ததே பெரும்பாடாயிற்று.

சேதி தெரிந்ததும் ஜெசிந்தா தன் தளத்தின் முகப்பிலேயே எழுதினாள்: 'அந்தக் காளானே கிடையாது. பொய் எழுதியவள் நான். உண்டேன் என்றவன் வில்வநாதன்.' வில்வநாதனின் டாக்டர் பட்டமும் பொய்யென்று வெளிப்பட்டது. தேடுபொறி அவன் தளத்தையே ஒதுக்கித் தள்ளியது. அன்று ஜெசிந்தா வயிறாரச் சாப்பிட்டாள்.

இப்போது சொல்லுங்கள். நாளை ஒருவர் கையில் காளானோடு தேடினால், திருடிய வில்வநாதன், பொய் எழுதிப் பின் ஒப்புக்கொண்ட ஜெசிந்தா, பொய் எழுதாமல் வாய்மூடி இருந்த சபூரா, இவர்களில் யாருடைய பக்கம் முதலில் வர வேண்டும்?

விடை: சபூராவின் பக்கம். அவள் மௌனம் குற்றமே. திண்டுக்கல்காரருக்கு அவள் பதில் சொல்லியாக வேண்டும். ஆனால் தேடுகிறவர் கேட்பது எழுதியவரின் பாவ புண்ணியத்தை அல்ல, இதைத் தின்னலாமா என்பதைத்தான். அதற்கு ஆதாரத்தோடு பதில் இருப்பது அவள் பக்கத்தில். ஜெசிந்தா காட்டில் நடந்து கண்ணால் கண்டவள், அநியாயத்துக்கு ஆளானவள். இருந்தும், பழிதீர்க்கத் தெரிந்தே பொய் எழுதியவளின் மற்றப் பக்கங்களில் எது மெய், எது பொறி என்று பசியோடு நிற்பவரால் பிரித்தறிய முடியாது.