நாற்பது மூச்சு

பியூலாவைக் குரு என்று சொன்னால் அவரே சிரித்துவிடுவார். பாளையங்கோட்டையில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே ஒற்றை அறை, எட்டு வருடப் பழைய கம்ப்யூட்டர், ஒரு கீபோர்டு. கம்ப்யூட்டரில் ஆர்க்கெஸ்ட்ரா இசை எழுத நாலைந்து பேருக்கு அங்கே சொல்லிக்கொடுத்துவந்தார். வயது முப்பத்தாறு.

அவருடைய மாணவர்களில் மூத்தவர் தியோடர். மின்வாரியத்தில் இன்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். தன்னைவிட இருபத்தைந்து வயது இளைய டீச்சர் முன்னால் கைகட்டி உட்கார அவர் கூச்சப்பட்டதே இல்லை. அந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது. குறை வேறு இடத்தில் இருந்தது.

அந்த வருடம் அவர்கள் தேவாலயத்துக்கு நூறு வயது. விழாவுக்காக தியோடர் கம்ப்யூட்டரில் ஓர் இசை எழுதிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வாத்தியத்தையும் யாரோ எங்கோ சுரம் சுரமாக வாசித்துப் பதிந்துவைத்திருப்பார்கள். அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டு கட்டையை அமுக்கினால், வாத்தியக்காரர் இல்லாமலே வாத்தியம் கேட்கும்.

ஒரு நாள் அவர் ஒரு தாளை நீட்டினார்.

"டீச்சர், இதுல எந்த கம்ப்யூட்டரை வாங்கட்டும்? ஒண்ணு அறுபத்துநாலு ஜிபி மெமரி. இன்னொண்ணு நூத்தி இருபத்தெட்டு."

"இப்ப இருக்கதுக்கு என்ன கேடு?"

"அது பதினாறுதான். வயலின் எல்லாம் ஏத்திருதேன். புல்லாங்குழல ஏத்தினா திணறுது. ஒரே சுரத்தை மெதுவா, பலமான்னு நாலு விதமா வாசிச்சு வச்சிருக்கான். பக்கத்து மைக்கு, தூரத்து மைக்குன்னு அது வேற. எல்லாம் சேந்தா இடம் பத்தல."

"குழலுக்காகவா கம்ப்யூட்டர் வாங்குதீங்க?"

"ஆமா."

"ஹெப்சிபா அக்கா வீட்டுலதான இருக்காங்க?"

ஹெப்சிபா தியோடரின் மனைவி. அதே தேவாலயத்தில் பாடகர் குழுவோடு இருபத்திரண்டு வருடம் வெள்ளிப் புல்லாங்குழல் வாசித்தவர். குழு கலைந்ததும் குழல் பெட்டிக்குள் போயிற்று. நூற்றாண்டு விழாவுக்குக் கணவர் எழுதுகிறார் என்று தெரிந்த அன்றே அதை வெளியே எடுத்துத் துடைத்துவைத்தார். கூப்பிடுவார் என்று காத்திருந்தார். வாய்விட்டுக் கேட்கவில்லை. முப்பது வருடம் கூட வாழ்ந்தவரிடம் இதைப் போய்க் கேட்க வேண்டுமா என்று இருந்துவிட்டார்.

"அவ வாசிச்சு ஆறு வருஷமாச்சு டீச்சர்," என்றார் தியோடர். "அதோட, இங்க மாத்து, அங்க மாத்துன்னு சொல்லுவா. கம்ப்யூட்டர் எதுத்துப் பேசாது."

பியூலா பென்சிலை எடுத்தார்.

"அந்தக் குழல் வரியப் பாடுங்க அண்ணாச்சி."

தியோடர் இசை எழுதிய நோட்டுத் தாளை எடுத்துப் பார்த்து முனகலாகப் பாடினார். நன்றாகத்தான் எழுதியிருந்தார். முதல் வரி தாண்டி இரண்டாவது வரியின் நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தார்.

அந்த இடத்தில் பியூலா பென்சிலால் சின்னதாக ஒரு கோடு போட்டார்.

"இங்க கொஞ்சம் இடம் விடுங்க. பொறவு கம்ப்யூட்டரப் பத்திப் பேசுவோம்."

"அது என் மூச்சு பத்தாததுனால டீச்சர். கம்ப்யூட்டருக்கு அந்தத் தொந்தரவு கிடையாதே."

கம்ப்யூட்டர் விவரம் எழுதிய தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். பென்சில் கோடு போட்ட தாளை மேஜையிலேயே விட்டுவிட்டார்.

இரண்டு வாரத்தில் போன் வந்தது. பெரியதையே வாங்கிவிட்டாராம். டீச்சர் வந்து பார்க்க வேண்டுமாம்.

பியூலா போனார். ஹெப்சிபா முன்பு பிள்ளைகளுக்குக் குழல் சொல்லிக்கொடுத்த அறை அது. இப்போது இரண்டு திரை, இரண்டு ஸ்பீக்கர், மேஜைக்கடியில் புதுக் கம்ப்யூட்டர். ஹெப்சிபா இசைத்தாள் வைக்கும் ஸ்டாண்டில் ஒயர்கள் தொங்கின.

ஹெப்சிபா டீயோடு வந்தார். "வாங்க டீச்சர். உக்காருங்க. எங்க உக்காருவீங்கன்னுதான் தெரியல," என்று சிரித்தார்.

தியோடர் குழல் வரியை ஓடவிட்டார். எங்கேயும் திணறவில்லை. முதல் வரி, இரண்டாவது வரி, மூன்றாவது வரி என்று இழை அறாமல் போய்க்கொண்டே இருந்தது.

"எப்படி இருக்குக்கா?" என்று பியூலா ஹெப்சிபாவைக் கேட்டார்.

"நல்லாருக்கு." ஹெப்சிபா தயங்கினார். "ஆனா மூச்சு எங்க விடுறது?"

தியோடர் சட்டென்று திரும்பினார். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அதான்! என்னமோ குறையுதே, குறையுதேன்னு பாத்துக்கிட்டிருந்தேன். அதேதான்! ஹெப்சி, இங்க வா. இந்த நாற்காலில உக்காரு. மைக்க வைக்கேன்."

ஹெப்சிபா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். உள்ளே போனார். குழல் பெட்டியோடு திரும்பி வந்தார். மூன்று துண்டுகளையும் பூட்டினார். உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். ஐம்பத்தைந்து வயதுப் பெண்ணின் முகத்தில் அப்படி ஒரு வெட்கத்தை பியூலா அதற்கு முன் பார்த்ததில்லை.

தியோடர் ஜன்னலைச் சாத்தினார். மின்விசிறியை நிறுத்தினார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு திரும்பியவர் அப்போதுதான் குழலைப் பார்த்தார்.

"அது வேண்டாம் ஹெப்சி. மூச்சு மட்டும் போதும்."

"என்னது?"

"வாசிக்கதுக்கு முந்தி மூச்சு இழுப்பல்லா, அந்தச் சத்தம். அதத் தனியா எடுத்துக் குழலுக்கு மேல போட்டுட்டா உயிரோட ஆள் வாசிக்க மாதிரி இருக்கும். டீச்சர்தான் கிளாஸ்ல சொல்லித் தந்தாங்க."

உண்மைதான். மூச்சுச் சத்தத்தைத் தனி ட்ராக்கில் சேர்க்கலாம் என்று போன மாதம் சொல்லிக்கொடுத்தவர் பியூலாவேதான்.

ஹெப்சிபா டீச்சரை ஒரு தடவை பார்த்தார். குழலை மடியில் படுக்கவைத்தார்.

"சொல்லுங்க. எப்படி இழுக்கணும்?"

"முதல்ல மெதுவா. ம்... இன்னொண்ணு. இன்னொண்ணு."

மெதுவாகப் பத்து. ஆழமாகப் பத்து. அவசரமாகப் பத்து. "களைச்சுப் போன மாதிரி" என்று கேட்டு ஒரு பத்து. மின்விசிறி நின்ற அறையில் ஹெப்சிபாவின் நெற்றியில் வியர்வை வழிந்தது. துடைத்தால் சத்தம் வரும் என்று துடைக்காமல் இருந்தார்.

"போதுமா?"

"போதும் போதும். பிரமாதம்!"

ஹெப்சிபா குழலைக் கழற்றித் துண்டு துண்டாகப் பெட்டியில் வைத்தார். டீ ஆறிப்போயிருந்தது.

பியூலா அப்போது வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் நாம் எதற்கு என்று நினைத்துவிட்டார். இப்படி நினைத்து எத்தனையோ பேர் சும்மா இருந்திருக்கிறார்கள். அவரும் சும்மா இருந்தார். பிற்பாடு அதற்காகத் தன்னை மன்னிக்கவும் இல்லை.

விழா அன்று இசையை ஸ்பீக்கரில் போட்டார்கள். பியூலாவும் ஹெப்சிபாவும் ஒரே பெஞ்சில் இருந்தார்கள். முதலில் வயலின்கள் எழுந்தன. அடங்கின. பிறகு தேவாலயம் முழுக்கக் கேட்கும்படி ஒரு மூச்சு. அதன்மேல் குழல். நடுநடுவே அதே மூச்சு வந்துகொண்டிருந்தது, குழல் ஓர் இடத்திலும் நிற்காமல்.

முன் பெஞ்சிலிருந்து ஓர் அம்மா திரும்பினார். "யாரு ஹெப்சி வாசிச்சது? நீயா?"

"யாரும் வாசிக்கல," என்றார் ஹெப்சிபா.

மறுநாள் காலையில் நாசரேத்திலிருக்கும் அக்கா வீட்டுக்குப் பஸ் ஏறினார். குழல் பெட்டியையும் எடுத்துப்போனார்.

ஒரு மாதம் கழித்துத் தியோடர் வகுப்புக்கு வந்தார். சட்டை கசங்கியிருந்தது. ஆனால் பையில் ஒரு தாள் இருந்தது.

"டீச்சர், சர்ச்சு ஐயர் ரொம்பப் பாராட்டினாரு. நிஜ ஆள் மாதிரியே இருக்குன்னாரு. இன்னொண்ணு எழுதச் சொல்லியிருக்காங்க."

"அக்கா?"

"வருவா." தாளைப் பிரித்தார். "இதுல ஒரு சிக்கல். நாப்பது மூச்சுதான் எடுத்தோம். திரும்பத் திரும்ப அதே வருது. மத்தவங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியுது. இது அந்த மூணாவது மூச்சு, இது அந்தப் பன்னெண்டாவதுன்னு தெரிஞ்சு போவுது. இன்னும் கொஞ்சம் வேணும். போன் பண்ணினா எடுக்க மாட்டேங்கா."

"ஒரு தடவகூட எடுக்கலையா?"

"ஒரு தடவ எடுத்தா."

"என்ன சொன்னாங்க?"

தியோடர் தாளைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "'இன்னும் எத்தன வேணும்?'னு கேட்டா. நான் ஒரு அறுபது இருந்தா நல்லதுன்னேன். வச்சுட்டா."

பியூலாவுக்குக் கோபத்தில் காது சுட்டது. மேஜை இழுப்பறையைத் திறந்து, மூன்று மாதத்துக்கு முன் அவர் விட்டுப்போன நோட்டுத் தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தார். பென்சில் கோடு அப்படியே இருந்தது.

"அக்கா கேட்டது இவ்வளவுதான் அண்ணாச்சி. இந்த ஒரு இடம்."

தியோடர் குனிந்து பார்த்தார்.

"இங்க நிறுத்தினா பின்னால வயலின், செல்லோ எல்லாத்தையும் நகத்தணுமே டீச்சர்," என்றார். குரல் இறங்கிவிட்டது.

"ஆமா. நகத்தணும்."

கீழே மருந்துக்கடையில் யாரோ சில்லறைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். தியோடர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்காமலே மறுபடியும் போட்டுக்கொண்டார்.

"வீட்டுல ஒரு சத்தமும் இல்ல டீச்சர். காலைல கம்ப்யூட்டரப் போட்டு, எல்லா வாத்தியத்தையும் நிறுத்திட்டு, அந்த மூச்சு ட்ராக்க மட்டும் ஓடவிடுதேன். சமையக்கட்டுல அவ நிக்க மாதிரி இருக்கு. அப்புறம் மொதல்லருந்து அதே வந்துருது." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். பிறகு, இவ்வளவுக்கும் பிறகு, தான் கொண்டுவந்த தாளை டீச்சர் பக்கம் நகர்த்தினார். "இருக்க மூச்ச வச்சே புதுசு புதுசா மாத்திக் குடுக்க சாப்ட்வேர் இருக்காம். அதுக்கு இந்த கம்ப்யூட்டர் பத்துமா? இல்ல, இன்னும் பெருசா ஒண்ணு வாங்கணுமா?"

பியூலா தாளைத் தொடவில்லை.

"வேற ஒண்ணும் வாங்க வேண்டாம் அண்ணாச்சி," என்றார். "நாப்பது இருக்குல்லா. அத வச்சுக் காலத்த ஓட்டுங்க."