நறுக்கென்று ஒரு வாக்கியம்

வேம்பங்குடி ஜமீன் வீட்டுக் கல்யாணத்தில் ஒரு பொல்லாத வழக்கம். வித்துவான் வாழ்த்திப் பேசிவிட்டு உட்காரும்வரை பந்தியில் யாரும் இலையில் கை வைக்கக் கூடாது.

அன்றைக்கு வித்துவான் ஆபத்சகாயம் எடுத்துக்கொண்ட விஷயம் 'நறுக்' என்ற சொல். "மணமக்களே, எதையும் நறுக்கென்று சொல்லிப் பழகுங்கள்" என்று ஆரம்பித்தவர், அந்தச் சொல்லின் பிறப்பு, வளர்ப்பு, சம்பந்தி வகையறா என்று போய்க்கொண்டே இருந்தார். அப்பளம் நமுத்துப்போனது. சாம்பாரில் ஆடை படிந்தது.

பாயசத் தூக்கோடு நின்ற மொக்கைச்சாமி கொட்டாவி விட்டான். வித்துவான் பார்த்துவிட்டார்.

"என்னடா, என் பேச்சு கசக்குதோ? எங்கே, நறுக்கென்று ஒரே வாக்கியம் சொல்லி என்னை உட்கார வை பார்ப்போம்! முடியாவிட்டால் இன்றோடு உனக்கு இங்கே வேலை கிடையாது."

வம்பு பார்க்கும் ஆசையில் ஜமீன்தாரும் தலையாட்டினார்.

மொக்கைச்சாமி வரிசையாகப் பாயசம் ஊற்றிக்கொண்டே வந்தான். வித்துவானின் இலையை மட்டும் தாண்டி அடுத்த இலைக்குப் போனான்.

"ஆளில்லாத இலைக்குப் பாயசம் ஊத்துறதில்லைங்க, ஐயா."

கரண்டி கவிழ்வதற்குள் வித்துவான் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார். அவ்வளவுதான், மொத்தப் பந்தியும் இலைமேல் பாய்ந்தது.

"இன்னும் பொருள் சொல்லி முடிக்கலையே, வித்துவானே!" என்றார் ஜமீன்தார் சிரிப்பை அடக்கிக்கொண்டு.

வித்துவான் தன் இலையில் விழுந்த பாயசத்தை வழித்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு கரண்டி, ஐயா?" என்றான் மொக்கைச்சாமி.

"ஊத்து."

வித்துவான் அன்றைக்கு நறுக்கென்று பேசியது அது ஒன்றுதான்.