நீலத் தாழிக்கு வைத்த அரக்கு முத்திரை

உட்காருங்கள், சொல்கிறேன். வளவள என்று இழுக்க மாட்டேன்.

ராஜாக்கள் ஆண்ட காலத்தில் அவுரிமங்கலம் என்று ஓர் ஊர். அங்கே சடையப்பன், கூத்தப்பன் என்று அண்ணன் தம்பி. துணிக்கு நீலச் சாயம் தோய்ப்பது தொழில். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு தாழி.

நீலத் தாழி உயிருள்ள சரக்கு. தினமும் கலக்க வேண்டும், சுண்ணாம்பு போட வேண்டும். எட்டு நாளுக்குமேல் சும்மா விட்டால் செத்துவிடும். அப்புறம் துணியை முக்கினால் நீலம் ஏறாது, நாற்றம்தான் ஏறும்.

அந்தத் தாழிக்குச் சுண்ணாம்பு விற்றவள் செங்கமலம். அவளுக்கு வேறு பெரிய வாடிக்கை கிடையாது. தாழி செத்தால் அவள் வீட்டு அடுப்பும் அணைந்த மாதிரிதான்.

ஒருநாள், "தாழி என்னுது" என்றான் அண்ணன். "என்னுது" என்றான் தம்பி. நேரே அரண்மனைக்குப் போய்விட்டார்கள்.

நியாயாதிபதி தலைப்பாகையைச் சரிசெய்தார். தொண்டையைச் சரிசெய்தார். இருக்கையைச் சரிசெய்தார். வழக்கை மட்டும் சரிசெய்யவில்லை. தீர்ப்பு வரும்வரை யாரும் தொடக் கூடாது என்று தாழி மூடியில் அரக்கு முத்திரை வைத்தார்.

"தீர்ப்பு எப்போ ஐயா?" என்றாள் செங்கமலம்.

"முன்னாடி ஒரு யானை வழக்கு இருக்கு. கரும்பைத் தின்ன யானை."

"யானை எங்கே?"

"அது செத்து முப்பது வருஷமாச்சு. வழக்கு நல்லாத்தான் இருக்கு."

ஆறு நாள் போயிற்று. ஏழாம் நாள் காலையில், வராவிட்டால் ஆயுசுக்கும் சுண்ணாம்பு கிடையாது என்று மிரட்டி, செங்கமலம் சகோதரர்கள் இருவரையும் தான் சுண்ணாம்பு சுடும் காளவாய்க்கு வரவழைத்தாள்.

"எனக்குத் தீர்ப்புச் சொல்லத் தெரியாது. யார் பக்கமும் பேச மாட்டேன். ஒருத்தர் சொன்னதை மத்தவர் அப்படியே திருப்பிச் சொல்லணும். அதுக்கப்புறம்தான் பதில்."

தம்பி ஆரம்பித்தான். "அஞ்சு வருஷமா தாழியைக் கலக்கினவன் நான்."

"திருப்பிச் சொல்லுங்க அண்ணே."

"என்னைச் சோம்பேறிங்கிறான்!"

"அப்படிச் சொல்லலையே. மறுபடியும்."

"என்னை ஏமாத்துக்காரன்கிறான்!"

"காதுல சுண்ணாம்பா வெச்சிருக்கீங்க? மறுபடியும்."

மூன்றாம் தடவை பல்லைக் கடித்துக்கொண்டு, "அஞ்சு வருஷமா கலக்கினது அவன்தானாம்" என்றான் சடையப்பன். சொன்ன பிறகு கொஞ்சம் யோசித்தான். "ஆமா, கலக்கினான்தான்."

"பின்னே என்ன சண்டை?" என்றாள் செங்கமலம்.

கூத்தப்பன் முந்திக்கொண்டான். "அவர் பொண்ணு கல்யாணத்துக்கு எனக்கு வண்டிக்காரன்கிட்ட சொல்லி அனுப்பறார். நான் சித்தப்பன். வீட்டுக்கு வந்து வெத்திலை பாக்கு வெச்சு அழைக்கலை."

சடையப்பன் முணுமுணுத்தபடி அதைத் திருப்பிச் சொன்னான். பிறகு வெடித்தான். "'எங்கண்ணன் தோய்ச்சா ஒரே துவைப்புல சாயம் வெளுக்கும்'னு சந்தையில நாலு பேர் முன்னாடி சொன்னியே, உன் வாசப்படியை நான் எப்படிடா மிதிப்பேன்?"

கூத்தப்பன் திருப்பிச் சொல்ல வாயைத் திறந்தான். பாதியிலேயே தலை கவிழ்ந்தது. "தப்புதான் அண்ணே. அதே சந்தையில, அதே நாலு பேர்கிட்ட மாத்திச் சொல்றேன்."

சடையப்பன் சட்டென்று செங்கமலத்தின் சுருக்குப்பையிலிருந்தே வெற்றிலையை உருவித் தம்பியிடம் நீட்டினான்.

அவள் கையைத் தட்டிவிட்டாள். "இப்படியா அழைப்பாங்க? போய் மதினியைக் கூட்டிக்கிட்டு, ஜோடியா தம்பி வீட்டுக்குப் போங்க!"

சடையப்பன் அப்படியே போய் அழைத்தான். தாழி பொது, ஆளுக்கு ஒரு வாரம் கலக்குவது, தோய்ப்பது சேர்ந்து என்று சகோதரர்களே பேசி முடித்தார்கள். மறுநாள் அரண்மனையில், "வழக்கு வேண்டாம், முத்திரையை எடுங்க" என்றார்கள்.

"பேரப்பிள்ளைகள் காலம்வரை ஓட வேண்டிய வழக்கு! அந்தச் சுண்ணாம்புக்காரி ஒரே காலையில் கெடுத்துவிட்டாளே!" என்று புலம்பிக்கொண்டே நியாயாதிபதி முத்திரையை உடைக்கச் சொன்னார்.

செங்கமலம் சுண்ணாம்பைப் போட்டாள். அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் கோலைப் பிடித்துக் கலக்கினார்கள். முதல் சுற்றில் ஒன்றுமில்லை. இரண்டாம் சுற்றிலும் ஒன்றுமில்லை. மூன்றாம் சுற்றில் செம்பு நிறத்தில் நுரை பொங்கியது. முக்கி எடுத்த துணி பச்சையாய் வந்து, காற்றுப் பட்டதும் நீலமாய் மாறியது.

வீட்டுச் சண்டையோ தொழில் சண்டையோ, தீர்ப்புக் கேட்டு ஓடுவதற்கு முன்னால், பொதுவான ஒருவரை நடுவில் வைத்து எதிராளி சொல்வதை முழுசாகக் கேளுங்கள்.