படத்தில் குளிர்ந்த அறை

அம்பத்தூரில் ஒரு டேட்டா சென்டர் இருந்தது. அதைக் குளிர வைக்க மூன்று மகா புத்திசாலிகள் இருந்தார்கள். மேனேஜர் கோதண்டபாணி, அவருக்குத் தலையாட்ட பிச்சுமணி, பிச்சுமணிக்குத் தலையாட்ட ஆரோக்கியராஜ். மூளையைத் தவிர மூவரிடமும் எல்லாம் இருந்தது. டை கூட இருந்தது.

அறையில் வரிசையாக நின்ற சர்வர்கள் சூடேறி அடிக்கடி நின்றுபோயின. முதலாளி கத்திவிட்டார். “இன்னொரு தடவை நின்னுச்சு, மூணு பேரும் வீட்டுக்குப் போயிடுங்க!”

பயந்துபோன மூவரும் காற்றோட்டம் தெரிந்த இன்ஜினியர் திலகவதியைக் கூப்பிட்டார்கள். அவர் அறையை அளந்து, அதைக் கம்ப்யூட்டரில் அப்படியே படமாக்கிக் கொடுத்தார். சூடான இடம் சிவப்பு, குளிர்ந்த இடம் நீலம், காற்று போகிற வழிக்கு அம்புக்குறி.

“ஏசி காத்து தரையில இருக்கிற ஓட்டைப் பலகை வழியாத்தான் மேல வருது. பலகையெல்லாம் தப்பான இடத்துல கிடக்கு. எதையும் முதல்ல படத்துல நகர்த்திப் பாருங்க. சிவப்பு போயிடணும், அவ்வளவுதான்” என்று சொல்லிவிட்டுப் போனார். பாவம், மனுஷர்களிடம் பேசுகிறோம் என்று நினைத்துவிட்டார்.

கோதண்டபாணி படத்தில் பலகைகளை நகர்த்தினார். படம் முழுக்க நீலமாயிற்று. அறையில் ஒரு பலகையையும் எவனும் தொடவில்லை. அதான் சிவப்பு போயிடுச்சே!

“எனக்கு இப்பவே குளிருது சார்” என்றான் பிச்சுமணி, வியர்வையைத் துடைத்துக்கொண்டே. ஆரோக்கியராஜ் ஓடிப்போய் ஆளுக்கொரு ஸ்வெட்டர் வாங்கி வந்தான்.

நல்லது நடந்தால் பொட்டு வைக்க வேண்டாமா? கம்ப்யூட்டர் திரையின் நடுவில் சந்தனம் தடவி, அதன்மேல் குங்குமம் வைத்து, பொரிகடலை தின்றுவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

காலையில் வந்து திரையைப் பார்த்த கோதண்டபாணி அலறினார். “அய்யய்யோ! மூணாவது சர்வர்ல சிவப்பு!”

“நேத்து இல்லையே சார்?”

“ராத்திரி வந்திருக்கு.”

“வட்டமா இருக்கே சார். சுத்தி மஞ்சளா வேற இருக்கு.”

“சூடு பழுத்துப்போச்சுடா!”

படத்தில் எதை நகர்த்தியும் அந்தச் சிவப்பு அசையவில்லை. இது அறையிலேயே பார்க்க வேண்டிய சங்கதி என்று மூவரும் முடிவு கட்டினார்கள். ஓட்டைப் பலகை அத்தனையையும் பெயர்த்து மூன்றாவது சர்வரைச் சுற்றிப் போட்டார்கள். அது ஒன்று மட்டும் ஜில்லென்று ஆயிற்று. மற்றதெல்லாம் காற்றே இல்லாமல் வெந்து, ஒவ்வொன்றாக நின்றுபோனது. இந்த மூன்று ஜென்மங்களும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திரையில் சிவப்பு இன்னும் போகவில்லையே!

முதலாளி போனில் வந்தார். “எல்லாம் நின்னுபோச்சு! மூணு பேரும் இந்த நிமிஷமே வெளியே போங்கடா!”

கோதண்டபாணிக்குக் கண் கலங்கிவிட்டது. பிச்சுமணி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வாசல் பக்கம் நடந்தான். மேனேஜர் அவன் ஸ்வெட்டரைப் பிடித்து இழுத்தார்.

“அறிவிருக்காடா உனக்கு? அந்தம்மா என்ன சொல்லிச்சு? எதையும் முதல்ல படத்துல!”

உடனே திலகவதிக்குப் போன் போட்டார்.

“அம்மா, எங்களை வேலையை விட்டுத் தூக்கிட்டாங்க. எங்க மூணு பேரையும் அந்தப் படத்துல சேர்த்து, எப்படி வெளியே போறதுன்னு அம்புக்குறி போட்டு அனுப்புங்க. அதுவரைக்கும் நாங்க அசைய மாட்டோம். அப்புறம், மறக்காம எங்களை நீலத்துல போடுங்கம்மா. இங்க ரொம்பப் புழுங்குது.”