மயில் முன்னாடி யாரும் நிக்கல

"டீச்சர், என் மயிலு முன்னாடி மட்டும் ஏன் யாருமே நிக்க மாட்டேங்கறாங்க?"

சாரங்கபாணி இதைக் கேட்டப்போ கண்காட்சிக்கு மூணாவது நாள். கடைசி நாளும் அதுதான்.

கேட்டவருக்கு அறுபத்திரண்டு வயசு. பதில் சொல்ல வேண்டிய ரெஜினாவுக்கு முப்பத்தஞ்சு. அதுல அவருக்கு வெக்கமே கிடையாது. ஓட்டை உடைசல்ல உசுரு இருக்கற மாதிரி ஒண்ணு பண்ணத் தெரிஞ்சவ, அவதான் டீச்சர்.

ஆடி மாசம்ங்கறதால உறையூர்ல ஒரு கல்யாண மண்டபம் சும்மா கெடந்துச்சு. வாடகையும் பாதிதான். பொறுக்கிக்கிட்டு வந்த சாமான்ல பண்ணதையெல்லாம் அங்கதான் அடுக்கி வெச்சிருந்தாங்க. பொண்ணு மாப்பிள்ளை உக்கார்ற சோபாவுல டயர்ல பண்ண ஆமை ஒண்ணு உக்காந்திருந்துச்சு. அதுக்கு மாலை வேற போட்டிருந்தாங்க. வந்தவங்க எல்லாரும் ஆமையோட போட்டோ எடுத்துக்கிட்டாங்க.

டீச்சர் பண்ணது வெறும் செருப்பு. ஊக்கு குத்துனது, வாரு அறுந்தது, ஒத்தைச் செருப்பு. கயித்துல தொங்க விட்டிருந்தா, அவ்வளவுதான். அங்க ஒரு அம்மா முக்கால் மணி நேரமா நிக்குது.

மயிலு? ஆறடி உசரம். முந்நூத்தி பன்னெண்டு எவர்சில்வர் பாத்திரம். பளபளன்னு கண்ணு கூசுது. வர்றவங்க "ஆஹா"ங்கறாங்க, தலைமுடியச் சரி பண்ணிக்கறாங்க, போய்க்கிட்டே இருக்காங்க.

"பதினோரு மாசம் டீச்சர். முட்டி ரெண்டும் போச்சு. இன்னிக்கும் யாரும் நிக்கலேன்னா அறுத்துக் காயலான் கடையில போட்டுட்டு வீட்டோட கெடந்துடறேன். இதான் முடிவு."

டீச்சர் மயிலுக்குப் பின்னாடி போனா. பாத்திரம் எல்லாத்துக்கும் வாய் பின்பக்கம். ஒரு டப்பாவுக்குள்ள கைய மணிக்கட்டு வரைக்கும் விட்டா. கண்ண மூடிக்கிட்டு நின்னா.

"நீங்களும் விட்டுப் பாருங்க சார்."

விட்டாரு. ஒண்ணும் தெரியல.

"உள்ள அழுக்கா டீச்சர்?"

"சாயங்காலம் வரைக்கும் இருங்க"ன்னுட்டு அவ டீ குடிக்கப் போயிட்டா.

உள்ள தொடைக்காததுதான் குத்தம்னு இவரு எடுத்துக்கிட்டாரு. துணிய எடுத்து முந்நூத்தி பன்னெண்டையும் உள்பக்கமாத் தொடச்சாரு. மத்தியானம் ஆயிடுச்சு. நிமிர முடியல.

மனுஷனையும் குத்தம் சொல்ல முடியாது. முப்பத்திநாலு வருஷம் பஸ் டெப்போவுல டிங்கர் வேலை. மாட்டு மேல மோதுனது, மரத்து மேல மோதுனது, எது வந்தாலும் நசுங்கலத் தட்டி எடுத்து வழவழன்னு அனுப்பிடுவாரு. அந்தக் கைக்கு நசுங்கலப் பாத்தாத் தூக்கம் வராது. சொந்த மச்சான் கல்யாணத்துல, சாப்பாட்டுப் பந்தியில தண்ணி ஜக்கு நசுங்கியிருக்குன்னு எலையில சோறு காயக் காயத் தட்டிக்கிட்டு இருந்தவரு. அந்தக் கல்யாணத்துல இன்னொரு கூத்து நடந்துச்சு, அது பெரிய கதை, இப்ப வேண்டாம்.

பழைய பாத்திரம்னா பேரு இல்லாம இருக்குமா? யாரு குடுத்தது, யாருக்குக் குடுத்தது, எந்த ஊரு, என்ன தேதி, எல்லாம் புள்ளி புள்ளியா வெட்டியிருக்கும். எங்க தெருவுல ஒருத்தி, காணாமப் போன அண்டாவ எட்டு வருஷம் கழிச்சு யாரு வீட்டு வளைகாப்புலயோ பேரப் பாத்துக் கண்டுபிடிச்சா. புளியோதரையோடவே திருப்பிக் குடுன்னு நின்னா.

"இருக்கறபடியே விடுங்க சார்"னு மயிலு பண்ண ஆரம்பிச்சப்பவே டீச்சர் சொன்னா. இவரு சிரிச்சாரு. நசுங்குன பஸ்ஸ இருக்கறபடியே விட்டா டெப்போவுல விடுவாங்களா? நசுங்கல் எல்லாத்தையும் எடுத்தாரு. மெஷின வெச்சு எல்லாப் பேரையும் தேச்சாரு.

நாலு மணிக்கு அவரு சம்சாரம் கோமளம் வந்தா. கையில பிளாஸ்க்கு.

"ஆட்டோக்காரன் 'குப்பைக் கண்காட்சிக்கா?'ங்கறான். ஆமான்னுட்டேன்."

"காபி ஊத்து."

"ஊத்தறேன். எங்கம்மா தூக்குச் சட்டி எங்க?"

தோகைக்கு ஒரு பாத்திரம் கொறஞ்சப்போ பரண்லேருந்து அவதான் எடுத்துக் குடுத்தா. நல்ல எடமா வைங்கன்னு சொல்லித்தான் குடுத்தா. கோமளம் பிள்ளை பெத்த நாப்பது நாளும் அவ அம்மா லால்குடிலேருந்து பஸ்ஸுல அந்தத் தூக்குலதான் பத்தியச் சாப்பாடு கொண்டு வந்தாங்க. ஒருநாள் படியில கால் எடறி, தூக்கு விழுந்து, கண்டக்டர் பையெல்லாம் பூண்டு ரசம். வாரம் முழுக்க டிக்கெட்டு ரசமா மணந்துச்சாம். தூக்குல பேரு வெட்டுன எடத்துக்குக் கீழ நசுங்கிப் போச்சு.

"தோகையில இருக்கு கோமளம்."

"தோகையில எங்க?"

அவரு கைய நீட்டுனாரு. நீட்டுன கை அங்கயும் இங்கயும் அலைஞ்சுச்சு. தூக்கே நாப்பது இருக்கு. எல்லாம் ஒரே அளவு, ஒரே பளபளப்பு.

"தி. ரங்கநாயகி, லால்குடின்னு பேரு இருக்குமே."

"பேரு... தேச்சுட்டேன்."

"நசுங்கல்?"

"எடுத்துட்டேன்."

கோமளம் மூக்கு கிட்ட வெச்சுப் பாத்தா. ஒண்ணு, ரெண்டு, மூணு.

"எதுல பாத்தாலும் உங்க மூஞ்சிதாங்க தெரியுது."

கத்தியிருந்தாத் தேவலாம். கத்தல. செவப்பு பிளாஸ்டிக் நாற்காலி ஒண்ண இழுத்துக்கிட்டு மயிலுக்குப் பின்னாடி போயி உக்காந்தா. ஒரு தூக்குக்குள்ள கைய விட்டா. கண்ண மூடிக்கிட்டா.

காலையில டீச்சர் நின்ன மாதிரியே.

"என்ன பண்றே?"

"வெளியில வெட்டுனா உள்ள முள்ளு முள்ளாத் தட்டுப்படாதா? புளி போட்டுத் தேய்க்கற கைக்குத் தெரியாதா? இது எங்கம்மா இல்ல. பா... பாக்கியம்."

அவரும் பக்கத்துத் தூக்குக்குள்ள கைய விட்டாரு. ஒண்ணும் தெரியல. தகரம் தட்டித் தட்டி விரலு எப்பவோ மரத்துப் போச்சு. குனிஞ்சாரு. முட்டி முனகுச்சு. தலையச் சாச்சு உள்ள பாத்தாரு. சன்னல் வெளிச்சம் சாய்வா விழுந்தப்போ, பொடிப் பொடியா மேடு, வரிசையா.

தேச்சதெல்லாம் வெளியிலதான். உள்ள அப்படியே இருக்கு.

எழுத்து இடம் வலம் மாறி நிக்குது. ஒவ்வொண்ணாக் கூட்டிப் படிச்சாரு.

"சு... லை... மான். கோமளம், இது சுலைமான்."

"சரி, அடுத்ததப் பாருங்க."

"செங்கமலம். வளைகாப்புக்கு அண்ணன் குடுத்தது."

"இதுல வருஷம் மட்டும்தான் தட்டுப்படுது. எழுபத்தியொண்ணு."

"எந்தச் செங்கமலம்? வரகனேரியா?" பின்னாலேருந்து யாரோ ஒருத்தங்க குரல்.

"ஊரு போடல" அப்படின்னாரு, திரும்பாமயே.

காபி ஆறிப் போச்சு. இருபது தூக்கு முடிஞ்சுது. லால்குடி வரல. பின்னால யாரோ "என்னம்மா தேடறீங்க?"ங்கறாங்க, இன்னொருத்தங்க "அவங்க அம்மாவத் தேடறாங்களாம்"ங்கறாங்க. செருப்புகிட்ட நின்னவங்களும் இங்க வந்து நிக்கறாங்க. ஆமை தனியா உக்காந்திருக்கு. மண்டபத்துல இருந்த அத்தன பேரும் மயிலச் சுத்தி நிக்கறாங்க. நடுவுல டீச்சரும் நிக்கறா, டீ கிளாஸோட.

சாரங்கபாணி இருபத்தொண்ணாவது தூக்குக்குள்ள தலைய விட்டிருந்தாரு. இருட்டிக்கிட்டு வந்துச்சு. எரிச்சலாத் திரும்பிப் பாத்தாரு.

"என்னங்க இது, இப்படி வந்து மொச்சுக்கிட்டு? தள்ளி நில்லுங்க. வெளிச்சத்த மறைக்கறீங்க."